முப்பத்தேழாவது மிக்ஸிலிருந்து

வெள்ளிக்கிழமை மதியம் ஒன்று பத்து. இடது கையில் பாதி கடித்த பிஸ்கட். வலது கட்டைவிரலில் காய்ந்து வெடித்த பிளாஸ்டர் மாவு. அந்த விரலாலேயே கைபேசியில் தட்டிக்கொண்டிருக்கிறார்: "மூணு நிமிஷம் பன்னெண்டு செகண்டு. டிரம்ஸ்காரர் கையிலேர்ந்து குச்சி நழுவுது. தரையில விழுற சத்தம் கேக்கும். அடுத்த அடி வெறுங்கையால விழுது. ஸ்டுடியோல உக்காந்து இதையெல்லாம் பண்ண முடியாது. கேட்டுட்டு சொல்லுங்க." அனுப்பியதும் கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, மேசைமேல் கிடக்கும் யாரோ ஒருவருடைய கீழ்வரிசைப் பற்களை எடுத்து அரம் போடத் தொடங்குவார். பதில் வந்ததா என்று திருப்பிப் பார்க்கமாட்டார். ஆனால் கண் மட்டும் அந்தப் பக்கம் போய்ப் போய் வரும்.

அவர் பல் செட் செய்கிறவர். நான்கு மாடிக் கட்டடத்தில் இரண்டாவது மாடி, கடைசி அறை. சுவர் முழுக்கத் தட்டுகள். தட்டுகள் முழுக்க வாய்கள். காலையில் கதவைத் திறந்ததும் முப்பது நாற்பது பேர் ஒரே நேரத்தில் பல்லைக் காட்டுவார்கள். இளஞ்சிவப்பு மெழுகு வாசனை. நடுவில் அவருடைய அரவை மோட்டார், இருபத்தேழு வருஷமாக வலது காதுக்கு ஒரு முழ தூரத்தில் கீச்சிட்டுக்கொண்டிருப்பது. அதன் சத்தத்துக்கு மேல் பாட்டு கேட்கவேண்டுமே என்று ஸ்பீக்கரை அலறவிடுவார். அவருக்கு நேர் மேலே, மூன்றாவது மாடியில் ஒரு பத்திரிகை அலுவலகம். அங்கே பிழை திருத்துவது என் வேலை. "சத்தத்தைக் கொஞ்சம் குறைங்கண்ணே" என்று சொல்லப் போனவன்தான் நான். திரும்பி வரும்போது அவருடைய வாட்ஸாப் குழுவில் பதினெட்டாவது ஆளாக இருந்தேன்.

கட்டடத்தில் அவருக்குப் பெயர் செட்டுக்காரர். அது பல் செட்டால் மட்டும் வந்ததில்லை. பாட்டுகளை வெட்டி ஒட்டி நாற்பது நிமிஷத்துக்கு ஒரே ஓட்டமாகக் கோப்பதற்கும் செட் என்றுதான் பெயராம். "ரெண்டும் ஒரே வேலைதான் தம்பி. சந்து தெரியக் கூடாது. கடிச்சா இடிக்கக் கூடாது."

வெள்ளிக்கிழமைதோறும் இரண்டு அனுப்புவார். ஒன்று, எங்கோ ஓர் அரங்கத்தில் கூட்டத்தில் இருந்த யாரோ கேசட்டில் பிடித்த கச்சேரி. இருமல், நாற்காலி இழுபடுவது, பாட்டு முடியுமுன்னே அவசரப்பட்டுக் கைதட்டும் ஓர் ஆள், எல்லாம் அதில் இருக்கவேண்டும். இன்னொன்று, அவரே கோத்த ஹிப்-ஹாப் மிக்ஸ். முதலில் எல்லோரும் மறந்துபோன ஒரு பழைய இசைத்தட்டு. அதில் இரண்டே விநாடி ஊதல். அந்த இரண்டு விநாடியை வெட்டித் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, அதன்மேல் தாளம் போட்டு எவனோ சரசரவென்று பேசிய பாட்டு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கொடுப்பார். "திருடிட்டாங்கன்னு சொல்லாத. ஒருத்தர் வாயில இருந்த பல்லு, இன்னொருத்தர் வாயில உக்காந்து சிரிக்குது. அவ்வளவுதான்." குழுவில் ஒரே சட்டம்: வணக்கம் சொல்லும் பூப்படம் போட்டால் வெளியே.

நூறாவது மிக்ஸை வீட்டுக்கு வந்து கேளுங்கள், நல்ல ஸ்பீக்கரில் போடுகிறேன் என்று அழைத்தார். ஞாயிறு காலை பதினொரு மணி. பதினெட்டுப் பேரில் மூன்று பேர் போனோம்: நான், டயர் கடைக்காரர், பக்கத்துத் தெரு பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பில் உட்காரும் பெண். செட்டுக்காரரின் மனைவிக்குப் பேருந்து அலுவலகத்தில் நாளெல்லாம் தொலைபேசியில் பதில் சொல்லும் வேலை. ஞாயிற்றுக்கிழமை யார் பேசினாலும் தலையசைப்பாரே தவிர வாய் திறக்கமாட்டார். எங்களுக்கு டீ கொடுத்துவிட்டு வாசல்படி ஓரமாக உட்கார்ந்துகொண்டார். அவருடைய அண்ணன், லிஃப்ட் மெக்கானிக், ஸ்டூல்மேல் ஏறி ஜன்னலுக்குத் திரைக்கம்பி மாட்டிக்கொண்டிருந்தார். அவர் குழுவில் இல்லாதவர்.

செட்டுக்காரர் புதுச் சட்டை போட்டிருந்தார். பொத்தானை அழுத்தினார்.

அதுவரை நாங்கள் எல்லோரும் அவரவர் கைபேசியில், அவரவர் வேலைக்கு நடுவில் கேட்டவர்கள். பெரிய ஸ்பீக்கரில் அன்றுதான் கேட்டோம். இசைக்கு மேலே, ஆரம்பத்திலிருந்தே, மெல்லிய ஊசி போல ஒரு கீச்சொலி. ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. பின்பல் கூசியது. டயர் கடைக்காரர் தாடையை இறுக்கிக்கொண்டு தாளம் போட்டார். அந்தப் பெண் கண்ணை மூடிப் புன்னகைத்துக்கொண்டிருந்தாள், ஊசி போடும்போது சிரிப்பதுபோல. நான் தலையாட்டினேன்.

ஸ்டூல்மேலிருந்து குரல் வந்தது. "மாப்ளே, அந்த விசில் எதுக்கு?"

"எந்த விசில்?"

"இதோ, இப்ப. ஆரம்பிச்சதுலேர்ந்து கூவிக்கிட்டே இருக்கே. லிஃப்ட்ல பேரிங் போனா இப்படித்தான் வரும்."

"உங்களுக்கு எல்லாமே பேரிங்தான் மச்சான்" என்று செட்டுக்காரர் சிரித்தார். அந்தச் சிரிப்பில் எங்களையும் சேர்த்துக்கொள்ளத் திரும்பினார். எங்கள் யார் முகத்திலும் சிரிப்பில்லை. அவர் சிரிப்பு இறங்கத் தெரியாமல் அங்கேயே நின்றது.

"தம்பி. உனக்கு விசில் கேக்குதா?"

"கொஞ்சம் கேக்குதுண்ணே."

"கொஞ்சமா?"

"நல்லாவே கேக்குது."

நிறுத்தினார். மறுபடி ஓடவிட்டார். "இப்ப?" இருக்கிறது என்றேன். ஒரு வயரைப் பிடுங்கி வேறு ஓட்டையில் செருகினார். "இப்ப?" இருக்கிறது. கணினியில் தொண்ணூற்றொன்பதாவது மிக்ஸைத் திறந்தார். இருந்தது. எண்பது. இருந்தது. ஐம்பது, நாற்பது. ஒவ்வொன்றையும் பத்து விநாடி ஓடவிட்டு எங்களைப் பார்த்தார். ஸ்பீக்கரை அவர் கேட்கவே இல்லை. எங்கள் முகங்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். முப்பத்தெட்டில் இருந்தது. முப்பத்தேழில் இருந்தது. முப்பத்தாறில் இல்லை.

முப்பத்தாறையும் முப்பத்தேழையும் நாலு தடவை மாற்றி மாற்றிப் போட்டார். "இல்ல. இருக்கு. இல்ல. இருக்கு" என்று மச்சான் ஸ்டூலில் நின்றபடியே சொல்லிக்கொண்டு வந்தார்.

"எனக்கு ரெண்டும் ஒண்ணாதான் இருக்கு" என்றார் செட்டுக்காரர். வருத்தம்கூட இல்லை அந்தக் குரலில். யாரைப் பற்றியோ சொல்வதுபோல் சொன்னார். பிறகு விரல் விட்டு எண்ணினார். "அறுபத்துமூணு வெள்ளிக்கிழமை."

டயர் கடைக்காரர் முதலில் வாயைத் திறந்தார். "ஹிப்-ஹாப்புன்னா அப்படித்தான் இருக்கும்னு நினைச்சேன் சார். சத்தியமா." வரவேற்புப் பெண், "நான் சத்தம் கம்மியா வெச்சுத்தான் சார் கேப்பேன்" என்றாள். பழைய கேசட்டின் இரைச்சல் என்று நினைத்தேன் என்றேன் நான். அதில் பாதி பொய். நாற்பதாவது மிக்ஸுக்குப் பிறகு நான் எதையும் இரண்டு நிமிஷத்துக்கு மேல் கேட்டதில்லை. அவருடைய குறிப்பிலிருந்தே ஒரு வரியைப் பிடித்து, "குச்சி விழுற இடம் பிரமாதம்ணே, சூப்பர்" என்று திருப்பி அனுப்பிவிடுவேன். அதை அவர் கட்டடத்தில் நாலு பேரிடம் காட்டியிருக்கிறார்.

"உன் வேலையே தப்பு கண்டுபிடிக்கிறதுதானே தம்பி" என்றார். திட்டியிருந்தால் தேவலை. சந்தேகம் கேட்பதுபோல் கேட்டார்.

கடைசியாகத்தான் வாசல் பக்கம் திரும்பினார். "உனக்கு?"

மனைவி கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார். "கேட்டுச்சு."

"ஏன் சொல்லல?"

"உங்க பாட்டுல வேணும்னே போட்டது எது, தெரியாம வந்தது எதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? நாற்காலி இழுபடுற சத்தத்தைக்கூட ஒரு வாரம் ரசிச்சுக்கிட்டு இருந்தவர் நீங்க."

நூறாவது மிக்ஸ் நாலாவது நிமிஷத்தில் நின்றது நின்றதுதான்.

செவ்வாய்க்கிழமை காது பரிசோதனைக்குப் போனார். "நீ வா. குழுவுல கேக்குதுன்னு முதல்ல சொன்ன ஆளு நீதான்" என்று என்னைக் கூட்டிப்போனார். கண்ணாடி போட்ட சின்ன அறை. உள்ளே அவர், தலையில் ஹெட்போன், கையில் ஒரு பொத்தான். ஒலி கேட்டால் அழுத்தவேண்டும். வெளியே பரிசோதிக்கும் பெண் குமிழைத் திருப்பினாள். ஒலி போகும்போதெல்லாம் அவள் பக்கம் ஒரு சின்ன விளக்கு எரிந்தது. முதலில் விளக்கும் அவர் கட்டைவிரலும் ஒன்றாகவே வேலை செய்தன. பிறகு விளக்கு எரிந்தது, விரல் அசையவில்லை. மறுபடி எரிந்தது. அவள் குமிழை இன்னும் திருப்பினாள். உள்ளே அவர் நிமிர்ந்து உட்கார்ந்து, முழங்காலில் கை வைத்து, திரை தூக்கக் காத்திருப்பவர்போல் முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருமுறை ஹெட்போனைச் சரிசெய்துகொண்டார். ஏழெட்டுத் தடவை அந்த விளக்கு எரிந்து அணைந்ததை நான் பார்த்தேன். கண்ணாடியைத் தட்டி "அண்ணே, இப்ப" என்று சொல்லிவிடலாமா என்றுகூடத் தோன்றியது.

வெளியே வந்து, "நடுவுல மெஷின் நின்னுடுச்சா மேடம்?" என்று கேட்டார்.

"இல்ல சார். ஓடிக்கிட்டுதான் இருந்துச்சு."

தாளில் கோடு பாதிவரை ஒழுங்காகப் போய், பிறகு பால்கனியிலிருந்து விழுந்ததுபோல் இறங்கியிருந்தது. என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று டாக்டர் கேட்டார். மோட்டாரைப் பற்றி இவர் சொன்னதும் பேனாவை மூடிவிட்டார். போனது திரும்பாது, காதில் கருவி வைத்தால் பேச்சு தெளிவாகக் கேட்கும் என்றார். "கைதட்டல் கேக்குமா டாக்டர்?" என்றார் இவர். டாக்டர் என்னைப் பார்த்தார்.

அன்று மதியம் அவருடைய அறைக்குப் போனோம். மேசை இழுப்பறையைத் திறந்து மூன்று டைமர்களை எடுத்து வைத்தார். அச்சு வெந்ததும் கீங்கீங் என்று அடிக்கவேண்டிய டைமர்கள். ஒன்று பழுதாகிவிட்டது என்று இன்னொன்று வாங்கியிருக்கிறார். அதுவும் அடிக்கவில்லை என்று மூன்றாவது. கடைக்காரனோடு சண்டைகூடப் போட்டாராம். ஒவ்வொன்றாக அழுத்தினார்.

"அடிக்குதா?"

"அடிக்குதுண்ணே."

"இது?"

"அடிக்குது."

மூன்றாவதை அழுத்திவிட்டு என்னைக் கேட்கவில்லை. அது அடித்துக்கொண்டே இருந்தது. நான்தான் கைநீட்டி அணைத்தேன்.

"பாட்டு மந்தமா இருக்குன்னு ஒவ்வொரு வாரமும் ட்ரெபிளை, அந்தக் கீச்சு சத்தத்தை, நான்தான் ஏத்துனேன்" என்றார். "அந்த விசிலையும் சேர்த்து ஏத்தியிருக்கேன். வாராவாரம்."

விசில் எங்கிருந்து வந்தது என்பதை மச்சான் பத்தே நிமிஷத்தில் கண்டுபிடித்துவிட்டார். முப்பத்தேழாவது மிக்ஸுக்குச் சற்று முன்பு, கேசட்டிலிருந்தும் இசைத்தட்டிலிருந்தும் கணினிக்குப் பாட்டை ஏற்ற ஒரு சின்னப் பெட்டி வாங்கியிருக்கிறார் செட்டுக்காரர். அதன் அடாப்டர்தான். சுவரிலிருந்து பிடுங்கிக் காண்பித்து, "பதினெட்டுப் பேரு காதையும் கெடுக்கிற சைஸா இது, பாருங்க" என்றார். சிரிக்கவைக்கத்தான் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை ஒன்று பத்துக்குக் குழுவில் எதுவும் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. பதினெட்டுப் பேரில் ஒருவர்கூட ஏன் என்று கேட்கவில்லை. அதுதான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. அறுபத்துமூன்று வாரம் எத்தனை பேர் என்னைப்போலவே இரண்டு நிமிஷத்தோடு நிறுத்தியிருப்பார்கள் என்று அப்போதுதான் விளங்கியது. நான் மன்னிப்பு மாதிரி ஏதோ தட்டினேன், அழித்தேன். மதியங்களில் கீழேயிருந்து மோட்டார் சத்தம் மட்டும் வந்தது. அதன்மேல் பாட்டு இல்லை. எங்கள் அலுவலகத்தில் எல்லோருக்கும் நிம்மதி. எனக்கு ஒரு பக்கம்கூட ஒழுங்காகத் திருத்த வரவில்லை.

ஐந்தாவது வெள்ளிக்கிழமை அவரே படியேறி வந்தார். கழுத்தில் மோட்டார் ஓட்டும்போது போடும் காதடைப்பான் தொங்கியது, புத்தம் புதியது. "கீழ வா" என்றார்.

மேசையில் கணினி. எதிரெதிரே இரண்டு நாற்காலிகள். "நூத்தியொண்ணு. இன்னும் யாருக்கும் அனுப்பல. புது அடாப்டர், ட்ரெபிள் பழைய அளவு. விசில் இல்லன்னு நினைக்கிறேன். நினைக்கத்தான் முடியும். கேளு. நல்லா இருக்குன்னு மட்டும் சொல்லாத."

தம் நாற்காலியைத் திருப்பி, ஸ்பீக்கருக்கு முதுகு காட்டி, என் முழங்கால் இடிக்கும்படி உட்கார்ந்தார். ஓடவிட்டார். விசில் இல்லை. ஒரு பழைய ஊதல் துண்டு, அதன்மேல் தாளம், அதன்மேல் ஒரு பெண்ணின் குரல் விட்டு விட்டு. முதல்முறையாக நான் இரண்டு நிமிஷத்தைத் தாண்டினேன். ஐந்தைத் தாண்டினேன். பதினோராவது நிமிஷத்தில் ஒரு பாட்டிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் இடத்தில் தாளம் ஒரு மயிரிழை பிந்தி விழுந்தது. பெரிய தப்பில்லை. சொல்லவேண்டியதுமில்லை என்று நினைத்தேன். தலையாட்டுவதை நான் நிறுத்தவில்லை. முகத்திலும் எதையும் காட்டவில்லை என்றுதான் நம்பினேன்.

அதற்குள் அவர் கை பின்பக்கமாக நீண்டு பாட்டை நிறுத்தியிருந்தது. பத்து விநாடி பின்னுக்கு இழுத்தார். என் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல், இன்னும் சற்று முன்னால் சாய்ந்து, மறுபடி ஓடவிட்டார்.