எல்லாரும் வந்தாச்சு

எங்கட திருகோணமலை நடைக்குழு இண்டைக்கு மாத்தளைப் பக்கம் மலையேறப் போனது. கடற்கரையில வளந்த எனக்கும் கிண்ணியா றிஸானாவுக்கும் வழமைபோலக் கடைசி இடம்.

பணிஸ் பையும் எங்களிட்டத்தான். முன்னுக்குப் போறவையிட்டக் குடுத்தால் ஒண்டும் மிஞ்சாது எண்டு போனமுறை தெரிஞ்சிட்டுது.

குழுத்தலைவர் செல்வம் அண்ணையும் மற்றவையும் ஒவ்வொரு வளைவிலயும் இருந்து இளைப்பாறுவினம். நாங்கள் மூச்சு வாங்கிக்கொண்டு போய்ச் சேர, அண்ணை உடனே எழும்பிடுவார்.

"சரி, எல்லாரும் வந்தாச்சு. வெளிக்கிடுவம்."

கடைசியில றிஸானா பாதி வழியில ஒரு கல்லில இருந்திட்டா. "இனி ஏலாது. பசிச்சால் அவையே இறங்கி வருவினம்."

பிளாஸ்கைத் திறந்து தேத்தண்ணி ஊத்தினம். பணிஸ் சாப்பிட்டம். காலை நீட்டிக்கொண்டு முதல்தரமா மலையைப் பார்த்தம்.

கொஞ்ச நேரத்தால எல்லாரும் அரக்கப்பரக்க இறங்கி வந்தினம்.

"என்ன பிள்ளையள், பயந்துபோனம்," எண்டார் அண்ணை. முகமெல்லாம் வேர்வை. எனக்குப் பாவமாத்தான் இருந்தது.

றிஸானா பையைத் தோளில போட்டுக்கொண்டு எழும்பினா.

"சரி அண்ணை, எல்லாரும் வந்தாச்சு. வெளிக்கிடுவம்."

இப்ப திரும்பி வாற வேனில ஒருத்தரும் எங்களோட கதைக்கினமில்லை. அடுத்தமுறை கடைசியில வர விருப்பமான ஆக்கள் சொல்லுங்கோ, கல்லில இன்னும் இடமிருக்கு.