பிரஷ்ஷை வேகவைத்தவர்

வாய் கொப்பளித்துத் துப்பின தண்ணீரில் ஓர் இழை சிவப்பு தெரிந்துவிட்டால் போதும், அன்றைக்கு என் வீட்டுக்காரர் மலையேற மாட்டார்.

அவர் குடும்பம் திருத்தணி மலைக்கோயில் மடைப்பள்ளியில் தலைமுறையாகச் சமைக்கிற குடும்பம். பங்காளிகள் முறை வைத்துக்கொண்டு செய்வார்கள். முறை வருகிற நாளில் விடியலிலேயே பல் தேய்த்துக் குளித்து, மடித் துணி கட்டிக்கொண்டு மேலே போய் அடுப்பு மூட்டவேண்டும். உடம்பில் ரத்தம் கசிகிறவன் சுவாமிக்குப் பண்ணுகிற அடுப்பைத் தொடக்கூடாது என்பது அவர்கள் வீட்டு வழக்கம். கையில் அரிவாள்மணை பட்டால் ஊருக்கே தெரியும். ஈறு கசிந்தால் யாருக்குத் தெரியப்போகிறது? அதைத்தான் ஒருநாள் ஆத்திரத்தோடு கேட்டேன்.

"உங்க வாயைத் தெறந்து எவன் பாக்கப்போறான்?"

"நான் பாக்கறேனே" என்றார்.

சிவப்பு தெரிகிற நாளெல்லாம் இப்படித்தான். பங்காளி வீட்டுக்கு ஆள் அனுப்பி முறையை மாற்றிவிட்டு, ஏற்கெனவே பளபளவென்றிருக்கிற பாத்திரங்களை எடுத்துப் போட்டுத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

தொண்ணூறுகளின் நடுவில்தான் இது ஆரம்பித்தது. அதுவரைக்கும் அவருக்கு விரலும் பல்பொடியும்தான். அண்டாவில் அடிப்பிடித்ததைச் சுரண்டுகிற அதே விரல், அதே வேகம். முன்பல் வெள்ளையாக இருக்கும். ஈறை ஒட்டி உள்பக்கம் மஞ்சளாகக் காரை கட்டியிருக்கும். அரக்கோணத்தில் ரயில்வே வேலையில் இருந்த என் தம்பி, அக்கா புருஷனைப் பார்த்து, "பாவா, இன்னுமா விரல்ல தேச்சிகினு இருக்கீங்க?" என்று சிரித்துவிட்டு, ஆளுக்கொரு பிரஷ் வாங்கி வந்து கொடுத்தான்.

அவர் அதைத் தொடவில்லை. நேற்று வாயில் போட்டது இன்றைக்கு எச்சில் இல்லையா, அதை மறுபடி எப்படி வாயில் வைப்பது என்று கேட்டார். நான் விடவில்லை, நச்சரித்தேன். கடைசியில் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். தினமும் காலையில் ஒரு சின்னச் சொம்பில் தண்ணீர் கொதிக்கவைத்து, பிரஷ்ஷை அதில் போட்டு, அரிசி வேகிற நேரம் விட்டு எடுப்பார். கொஞ்ச நாளில் நார் எல்லாம் சுருண்டு, வளைந்து, மொத்தையாகப் போய்விட்டது. புது பிரஷ் வந்தது, அதற்கும் அதே கதி. என் கழுத்தை அறுப்பது போதாதென்று பிரஷ் கழுத்தையும் வளைக்கிறார் என்று தம்பியிடம் சொல்லிச் சிரித்தேன். அந்த மொத்தையை வைத்து அவர் ஈறைக் கிழித்துக்கொண்டிருக்கிறார் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

வருஷங்கள் போகப் போகச் சிவப்பு அடிக்கடி வர ஆரம்பித்தது. ஒரு முறை, இரண்டு முறை என்று தவறிப் போய், கடைசியில் ஒரு ஆடிக் கிருத்திகையும் தவறியது. அன்று எங்கள் தெரு முழுக்கக் காவடி. அரோகரா சத்தம் வீட்டுச் சுவரில் வந்து மோதுகிறது. ஊரே மேலே ஏறிக்கொண்டிருக்க, மேலே சமைக்கவேண்டிய மனிதர் வாசலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார். சாப்பிடவில்லை. கூப்பிட்டதற்குத் திரும்பவும் இல்லை. அந்த முதுகைப் பார்த்துக்கொண்டே விரல் விட்டு எண்ணினேன். அடுத்த ஆடிக் கிருத்திகையும் எங்கள் முறையில்தான் வருகிறது என்று கணக்குப் பார்த்தேன். அன்றைக்கு இவர் மேலே போவார், எது குறுக்கே வந்தாலும் போவார் என்று முடிவு கட்டினேன்.

அவருக்கு அதற்கு ஒரு சுலபமான வழி தெரிந்திருந்தது. எல்லாப் பல்லையும் பிடுங்கிவிட்டால் கசிய ஒன்றும் இருக்காதாம்.

"பல்லு போனா போகட்டும். முறை போகக்கூடாது."

"பல்லும் போகாது, முறையும் போகாது. நாளைக்குக் கிளம்பறோம்" என்றேன்.

நாளைக்கு என்றது ஒரு மாதம் ஆனது. நான் ஒற்றைக்காலில் நின்றதில் ஒருவழியாக அரக்கோணத்துக்கு ரயில் ஏறினோம். அங்கே புதிதாக ஒரு பல் ஆஸ்பத்திரி வந்திருப்பதாகத் தம்பி சொல்லியிருந்தான். டாக்டர் ஒரு சின்னப் பெண். நீண்ட நாற்காலி, மேலே விளக்கு, பக்கத்தில் ஒரு மிஷின். அதன் முனையில் கொக்கிமாதிரி மெல்லிய ஊசி. அது அதிர்ந்துகொண்டே தண்ணீரைப் பீய்ச்சும், காரை தானாகப் பெயர்ந்து வரும், சுரண்டவே வேண்டாம் என்று அந்தப் பெண் விளக்கினாள். இவர் நாற்காலியில் உட்காரவில்லை. ஊசியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இது எத்தினி பேர் வாயில போச்சுங்க?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இத்தனை தூரம் இழுத்து வந்து, வாசற்படியிலேயே திரும்பப் போகிறோம் என்று நினைத்தேன். டாக்டர் கோபப்படவில்லை. அவரை உள்ளறைக்குக் கூப்பிட்டுப் போய் ஒரு எஃகுப் பெட்டியைக் காட்டினாள். மூடியில் முறுக்கித் திருகுகிற பிடி, மேலே ஆவி போக வழி, பக்கத்தில் முள் காட்டுகிற வட்டம். ஒவ்வொருவர் வாயில் போனதையும் கழுவி, காகித உறையில் போட்டு, இந்தப் பெட்டியில் ஆவியில் வைத்து எடுப்போம் என்றாள். உறைமேல் ஒரு கோடு. ஆவி சரியாகப் பட்டால்தான் அது கறுக்கும். அவருக்கான ஊசியின் உறையை அவர் கையிலேயே கொடுத்தாள். கோடு கறுத்திருந்தது.

அதுவரைக்கும் எச்சில், தீட்டு என்று முறுக்கிக்கொண்டு நின்ற மனிதரின் முகம் மாறிவிட்டது. பெட்டியைச் சுற்றிவந்தார். எவ்வளவு நேரம் ஆவி, மூடியைத் திறக்கும்போது தண்ணீர் உள்ளே சொட்டுமா, உறை ஈரமாக இருந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். ஈரமாக இருந்தால் திரும்ப வைப்போம் என்றாள் டாக்டர்.

"ஆங். அப்ப சரி" என்று சொல்லிவிட்டு, தானே போய் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். வருஷக்கணக்காக நான் தொண்டை கிழியப் பேசி நடக்காததை அந்தப் பெட்டி நடத்திவிட்டது. எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது.

காரை துண்டு துண்டாக வந்தது. பிறகு உறை போட்ட ஒரு சின்ன வில்லையை வாயில் வைத்து எக்ஸ்ரே எடுத்தாள். ஃபிலிமைக் கழுவிக் காயவைக்கிற வேலை இல்லை. படம் அப்போதே கம்ப்யூட்டரில் வந்தது. எலும்பு கொஞ்சம் இறங்கியிருக்கிறது, ஆனால் வேர் பிடிப்போடு இருக்கிறது, ஒரு பல்லைக்கூட எடுக்கவேண்டாம் என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் திரையில் தெரிந்த தன் தாடையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்புறம்தான் வீட்டில் எதைக்கொண்டு தேய்க்கிறீர்கள் என்று கேட்டாள். இவர் பெருமையோடு பையிலிருந்து பிரஷ்ஷை எடுத்து நீட்டி, தினமும் கொதிக்கவைக்கிற விஷயத்தையும் சொன்னார். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சிரிப்பை அடக்குவது தெரிந்தது. எஃகு ஆவியைத் தாங்கும், பிளாஸ்டிக் தாங்காது, உங்கள் ஈறைக் கிழித்ததே இதுதான் என்றாள். ஓடுகிற தண்ணீரில் அலசி, உதறி, காயவைத்தால் போதும் என்றாள்.

இவர் முகம் மறுபடி இறுகியது. ரயிலில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வெந்தால் கெட்டுப்போகும், வேகாவிட்டால் எச்சில். இனி விரல்தான் என்று முணுமுணுத்தார். விரல் என்றால் திரும்பக் காரை, திரும்ப ரத்தம், திரும்ப அந்த முதுகு. என் பொறுமை போய்விட்டது.

"ஏங்க, நேத்து சாப்ட்ட நாக்கை வேகவெச்சா இன்னிக்கு வாயில வெச்சிருக்கீங்க?"

எதிர் சீட்டில் இருந்தவர் சிரித்துவிட்டார்.  திருத்தணி ஸ்டேஷனில் இறங்கினதும் இவர் எனக்கு முன்னால் விடுவிடுவென்று வீட்டுக்கு நடந்தார். ஆனால் மறுநாள் காலை அடுப்பில் சொம்பு ஏறவில்லை; புது பிரஷ்ஷைக் குழாயில் அலசி, உதறி, வாயில் வைத்தார்.

கையின் முரட்டுத்தனம் மட்டும் போகவில்லை. அண்டா தேய்த்துப் பழகின கை. அதற்கும் தம்பிதான் ஒன்று கொண்டுவந்தான், பேட்டரியில் ஓடுகிற பிரஷ். பாவா வாயில் வண்டு புகுந்துவிட்டதென்று முதல் நாள் சிரித்தோம். ஆனால் அதில் ஒரு நல்ல குணம் இருந்தது. அழுத்திப் பிடித்தால் சுற்றுகிற தலை நின்றுவிடும். மெதுவாக வைத்தால்தான் ஓடும். நான் சொல்லிக் கேட்காதவர் அதற்குக் கட்டுப்பட்டார். சிவப்பு குறைந்தது. ஒரு நாள் வரும், இரண்டு நாள் வராது. கிருத்திகை நெருங்க நெருங்க எனக்குத் தூக்கம் போனது. அரக்கோணத்துக்கு இன்னொரு தடவை கூட்டிப்போய்ச் சுத்தம் செய்து வந்தேன்.

ஆடிக் கிருத்திகை விடியலில் தெருவில் காவடிகள் நகரத் தொடங்கிவிட்டன. கொல்லைப்பக்கம் வாஷ்பேசினில் வண்டுச் சத்தம் கேட்டது, நின்றது. கொப்பளிக்கிற சத்தம். அப்புறம் ஒன்றுமில்லை. அடுப்பங்கரையில் நான் அசையாமல் நின்றேன். போய்ப் பார்க்க தைரியம் வரவில்லை.

"இங்க வா" என்று கூப்பிட்டார்.

போனேன். குழாயை மூடிவிட்டு, துப்பினது துப்பினபடி இருக்க, பேசினுக்குப் பக்கத்தில் ஒதுங்கி நின்றார்.

"நான் பாத்துட்டேன். நீயும் பாரு."

குனிந்து பார்த்தேன். வெறும் வெள்ளை நுரை.  குழாயைத் திறந்துவிட்டு, அவர் குளிக்கத் தண்ணீர் எடுத்து வைத்தேன்.