கோயம்புத்தூருக்குப் போன அம்மா

டீச்சர் டி.வி.க்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். கிழக்குத் தாம்பரத்தில், கேம்ப் ரோட்டை ஒட்டிய அவர் வீட்டில், மதியம் இரண்டரை மணிக்கு, சாத்துக்குடிப் பையோடு நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். திரையில் எங்கள் தொடரின் மூத்த மகன் போனைக் காதில் வைத்துக்கொண்டு, "அம்மா, மாத்திரை போட்டீங்களா?" என்றான். கட்டிலில் சாய்ந்திருந்த டீச்சர், "போட்டேன்டா" என்றார். "கோயம்புத்தூர்ல குளிராமே?" என்றான் அவன். "ஸ்வெட்டர் இருக்குப்பா, நீ வேளாவேளைக்குச் சாப்..." என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் அவன் போனை வைத்துவிட்டான். என்னைப் பார்த்ததும் டீச்சருக்கு வெட்கமாகிவிட்டது. அதை மறைக்க, "இன்னும் கொஞ்சம் கேப் விடச் சொல்லும்மா. வயசானவ, பதில் சொல்ல டைம் எடுக்காதா?" என்று என்னைக் கடிந்துகொண்டார்.

அந்தத் தொடருக்கு வசனம் எழுதியவள் நான். அதில் அம்மாவாக நடித்தவர் அவர். பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, சர்ச் நாடகங்களில் நடித்த தைரியத்தில் ஆடிஷனுக்கு வந்தவர். ஷூட்டிங் நடந்த கேளம்பாக்கம் பக்கத்துப் பங்களாவுக்கு ஆறு வருடம் எங்களோடு வந்துபோனார். செட்டில் டைரக்டர் முதல் லைட்மேன் வரை எல்லோருக்கும் அவர் டீச்சர்தான். வீட்டில் பொட்டு வைக்கிற வழக்கம் கிடையாது. மேக்கப் ரூமுக்குள் வந்ததும் ஸ்டிக்கர் பொட்டை ஒட்டிக்கொள்வார், பேக்கப் ஆனதும் கண்ணாடியின் ஓரத்தில் ஒட்டிவிட்டுப் போவார். அந்தப் பொட்டு இருக்கிற இடத்தை யாரும் துடைக்க மாட்டோம்.

அந்த வருஷம் சின்னத்திரைக்கே போதாத காலம். பொங்கல் முடிந்த கையோடு எங்களை இரவு ஏழரையிலிருந்து மதியம் இரண்டரைக்குத் தள்ளினார்கள். கூட ஓடிக்கொண்டிருந்த தொடர்கள் ஒவ்வொன்றாக மூட்டை கட்டின. அந்த இடங்களில் வடக்கிலிருந்து டப்பிங் தொடர்கள் வந்து இறங்கின, உதடு ஒன்று பேச வசனம் வேறொன்று பேசியது. மிச்ச நேரத்தைப் பாட்டுப் போட்டிகளும் சமையல் போட்டிகளும் பிடித்துக்கொண்டன. பார்க்கிறவர்களோ கையில் இருக்கும் போனைத்தான் பார்த்தார்கள். இத்தனைக்கும் நடுவில் டீச்சருக்குச் சிறுநீரகம் பழுதாகி, வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ் என்றானது.

நடிப்பவர் படுத்துவிட்டால் தொடரில் மூன்று வழிகள் உண்டு. இனி இவருக்குப் பதில் இவர் என்று கார்டு போடலாம். கதாபாத்திரத்தைச் சாகடிக்கலாம். இல்லையென்றால் ஊருக்கு அனுப்பிவிட்டு, அவ்வப்போது போனில் பேசுவதாகக் காட்டிக்கொண்டு, ஆள் தேறி வரும்வரை காலத்தை ஓட்டலாம். ஆஸ்பத்திரியில் டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "என்னை எங்கயாவது ஊருக்கு அனுப்பிடும்மா. கொன்னு மட்டும் போட்டுடாத. செத்துட்டா திரும்பி வர முடியாது." கொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். கோயம்புத்தூரில் அவருக்கு ஒரு மகளை உண்டாக்கி, அங்கே அனுப்பிவைத்தேன்.

சாத்துக்குடியோடு போன அந்த மதியத்துக்குப் பிறகு, போன் சீன்களில் ஒவ்வொரு கேள்விக்கும் கீழே 'நான்கு விநாடி' என்று எழுத ஆரம்பித்தேன். "இன்னாத்துக்கு மேடம் இவ்ளோ கேப்? அதுக்குள்ள சேனல மாத்திடுவான்" என்று டைரக்டர் கத்தினார். ஃபீலுக்காக என்று புளுகினேன். மகனாக நடித்தவருக்கு மட்டும் விஷயத்தைச் சொன்னேன். அவர் ஐந்து விநாடி விட்டார். இரண்டு மாதம் இப்படியே போயிற்று. எழுதிப் பிழைத்த இத்தனை வருஷத்தில் அந்த இரண்டு மாதம்தான் எனக்கு என் வேலை பிடித்திருந்தது.

பிறகு சேனலில் கூப்பிட்டார்கள். ரேட்டிங் விழுந்துகொண்டே போகிறது, ஒரு சாவு வைத்தால் ஒரு வாரம் தாங்கும், ஊரில் இருக்கிற அம்மாதான் தோது என்றார்கள். நான் அரை மணி நேரம் வாதாடினேன். அரை மணி நேரம்தான். அப்புறம் வீட்டுக்கு வந்து ஐந்து எபிசோடு எழுதினேன். நன்றாகவே எழுதினேன், அதை நினைத்தால்தான் இன்றும் கூசுகிறது. முகத்தை மூடி, துணிக்குள் ஒரு துணை நடிகையைப் படுக்க வைத்து எடுத்துவிட்டோம். ஒளிபரப்புக்கு இரண்டு வாரம் இருந்தது. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று டீச்சரிடம் சொல்லாமலே கடத்தினேன். கடைசியில் அவர் கணவருக்குப் போன் செய்து, அந்த வாரம் மட்டும் டி.வி. போட வேண்டாம் என்று கெஞ்சினேன். "கேபிள் ரிப்பேர்னு சொல்லிக்கிறேன்மா" என்றார் பாவம். ஆனால் புரோமோ டீச்சரின் செல்போனுக்கே வந்துவிட்டது.

அந்தச் சாவும் எங்களைக் காப்பாற்றவில்லை. ஐந்தாவது வாரம் தொடரை நிறுத்தினார்கள். கிறிஸ்துமஸுக்குப் பத்து நாள் முன்னால் டீச்சர் போய்விட்டார். சேனலின் வருடக் கடைசி நிகழ்ச்சிக்கும் அந்த முறை நான்தான் எழுதிக் கொடுத்தேன். புதிதாக வந்தவை, நின்றுபோனவை, வழக்குக்குப் போனவை, கல்யாணம் செய்துகொண்ட ஜோடிகள் என்று எல்லாம் அதில் இருந்தன. டீச்சருக்கு ஒரு வரி எழுதினேன். நேரமில்லை என்று அதை வெட்டிவிட்டார்கள்.

அவரை நான் கடைசியாகப் பார்த்தது அந்தச் சாவு ஒளிபரப்பான மறுநாள். திட்டட்டும், வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் போனேன். அவர் திட்டவில்லை. முந்தின நாள் எபிசோடை முழுதாகப் பார்த்திருந்தார். "மருமக நல்லா அழுதா. சின்னவன்தான் ரொம்ப ஓவர்" என்றார். பிறகு, "துணிக்குள்ள படுத்திருந்தது யாரு?" என்று கேட்டார். சொன்னேன்.

"மூச்சு விடறது தெரிஞ்சுதும்மா. துணி ஏறி ஏறி இறங்குச்சு. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே வந்திருப்பேனே."

"உங்களால எப்படி டீச்சர்? கேளம்பாக்கம் வரைக்கும்..."

"டயலாக் இல்ல, நடக்க வேணாம். சும்மா படுத்துதானே இருக்கணும்?" என்றார். "இங்கயும் அதத்தானே பண்ணிக்கிட்டிருக்கேன்."