அழாத பிள்ளை

போடி ஆஸ்பத்திரியில், பிறந்து மூன்றாம் நாளான என் மகனின் குதிகாலில் குத்தி நர்ஸ் ரத்தச் சொட்டு எடுத்தார். அவன் வீறிட்டான். எனக்குத் தங்கை செல்வியின் நினைவு வந்துவிட்டது.

அவள் பிறந்தபோது ஏலக்காய்த் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் இருந்தோம். பச்சைக்காய் மணக்கும் இருட்டறையில், தொட்டிலில் எந்நேரமும் தூங்குவாள். பசித்தாலும் அழமாட்டாள்.

"எம்புட்டு நல்ல புள்ள! ஆத்தாளச் சோலி பாக்க விடுது" என்று பக்கத்து வீட்டு அத்தை மெச்சுவாள்.

ஒன்றரை வயதாகியும் உட்காராததால் பயந்துபோன அம்மா, அவளைத் தூக்கிக்கொண்டு ஜீப்பில் மலையிறங்கிப் போடிக்கு ஓடினாள். நானும் போனேன்.

"தைராய்டு சுரக்கலம்மா. பொறந்தவொடனே பாத்திருந்தா, தெனம் ஒரு மாத்திரையில தேறியிருப்பா. இனி மூளை வளர்ச்சி முழுசா வராது" என்றார் டாக்டர்.

"அப்ப ரெண்டு மாத்திரையாக் குடுங்கய்யா!" என்று அம்மா அவர் காலைப் பிடித்துக் கதறினாள்.

இன்றும் அம்மாதான் செல்விக்குச் சோறு ஊட்டுகிறாள்.

"பேரனோட தைராய்டு ரிசல்ட் வர நாளாகும். வீட்டுக்குப் போங்கம்மா" என்றார் நர்ஸ்.

"அது வராம நான் மலை ஏற மாட்டேன் தாயி" என்ற அம்மா, வளர்ந்த செல்வியை மடியில் சாய்த்துக்கொண்டு வராந்தாவிலேயே உட்கார்ந்துவிட்டாள்.