நாதத்துக்கு முந்தி ஒரு மூச்சு

நடேசண்ணையின் மகள் அபிராமி தொலைபேசியில் அழைத்தபோது நான் கோயில் மடைப்பள்ளியில் வெள்ளிக்கிழமை வடைக்கு உளுந்து அளந்துகொண்டிருந்தேன். "அன்ரி, அப்பா காலமை எழும்பேல்லை. பக்கத்து வீட்டுக்காரர்தான் போன் எடுத்தவர். நான் மியூனிக்கிலை ரயில் ஏறிட்டன். நீங்கள் ஒருக்கால் வீட்டை போய் நில்லுங்கோ" என்றாள். சரி பிள்ளை என்று சொல்லிவிட்டுத் திரும்பினால் எத்தனை சுண்டு அளந்தேன் என்பது மறந்து போயிற்று. கோயில் சாமான் கணக்கு எழுதுகிற எனக்கு அப்படி மறப்பதில்லை. உளுந்தைத் திருப்பிச் சாக்கிலே கொட்டிவிட்டுப் போனேன்.

அண்ணையின் சாக்ஸபோனை அறியாத தமிழ் வீடு இந்தப் பக்கத்தில் இல்லை. யாழ்ப்பாணத்தில் கிளாரினெற் பழகியவர், அகதியாக வந்து பாண் சுடும் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டு, பழைய சாமான் சந்தையில் நெளிந்துபோன சாக்ஸபோன் ஒன்றை வாங்கினார். நகரத்து இசைப் பள்ளியில் வெள்ளைக்காரப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மேற்கத்தைய சாஸ்திரிய இசை படித்தார். பிறகு அதே வாத்தியத்தில் நம்முடைய ராகங்களைத் தானாகவே பிடித்தார். சனிக்கிழமைகளில் நகரத்து ஊதுவாத்தியக் குழுவில் இருப்பார். ஞாயிறு எங்கள் கல்யாணங்களில் இருப்பார். "அங்கை சுரத்தை ஆட்டாதை எண்டினம், இஞ்சை வந்தால் காணாது, ஆட்டு எண்டினம். நான் என்ன ஊஞ்சலே தங்கச்சி?" என்று கேட்பார்.

எங்கள் அம்மன் ஒரு கட்டிடத்தின் நிலவறையில் குடியிருந்த காலத்திலிருந்து ஒவ்வொரு கோடையும் தேருக்கு முன்னால் அண்ணை வாசித்தார். நான் சங்கீதம் படித்தவள் அல்ல. தேவாரம் பாடுவதும் காதால் பிடித்ததுதான். ஆனாலும் தேர் தெருவுக்கு வந்து அவர் மோகனத்தை எடுக்கும்போது கற்பூரம் அணைந்ததுகூடத் தெரியாமல் தட்டை ஏந்திக்கொண்டு நிற்பேன்.

ஒரு வருடம், திருவிழாவுக்குச் சில மாதம் இருக்கும்போது, அன்னதானத்தில் அண்ணை வடையை ரசத்துக்குள் போட்டு நெடுநேரம் காத்திருப்பதைக் கண்டேன். நான் சுட்ட வடை அப்படி ஒன்றும் கல்லாக இருக்காது. அந்த நாட்களில் கல்யாண வாசிப்புக்கு அழைத்தவர்களுக்கெல்லாம் இடுப்பு வலி என்று சொல்லித் தட்டிக் கழிக்கிறார் என்றும் கேள்விப்பட்டிருந்தேன்.

"அண்ணை, இடுப்பு வலிக்கும் வடைக்கும் என்ன சம்பந்தம்?" என்று மெல்லக் கேட்டேன்.

கையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. முரசு, அதுதான் பல் ஈறு, கரைந்து முன் மேற்பற்கள் ஆடுகின்றன, பிடுங்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்களாம்.

"இந்த வாத்தியத்துக்கு மேற்பல்லுத்தான் அத்திவாரம், தங்கச்சி. அது குழலிலை ஊண்டி நிக்கவேணும். கமகம் எல்லாம் கீழுதட்டிலை. மேல் ஆடினால் எல்லாம் போச்சு."

"பல்லுக் கட்டலாம்தானே."

"கட்டுப்பல்லோடை ஊத ஏலாது எண்டு எல்லாரும் சொல்லுகினம். அம்பாளுக்கு முன்னாலை வாசிக்க ஏலாதெண்டால் நான் ஏன் தேருக்கு வரவேணும்? வீட்டை இருந்து கும்பிடுறன்."

மனைவி இறந்து, மகளும் தூரத்தில் என்றிருந்த மனிதருக்கு அந்த ஒரு நாள்தான் வருடம் முழுவதும் கையில் இருந்தது. எனக்கு அது தெரியும். பல் வைத்தியரைப் பார்க்க நாள் குறித்து ரெர்மின் எடுத்தேன். ஜெர்மன் மொழியையும் நான் யாரிடமும் படிக்கவில்லை, கடை விளம்பரத்தாளும் தொலைக்காட்சியும் பார்த்துப் பழகியதுதான். அந்த மொழியை வைத்துக்கொண்டு, இவர் பல் கேட்பது சாப்பிட அல்ல, ஊத என்று அந்த டொக்டர் அம்மாவுக்கு விளங்கப்படுத்தினேன். அவர் கொஞ்சம் யோசித்தார். பல் பிடுங்கிப் புண் ஆறிப் புதுப்பல் வைக்கும் நாளில், வாத்தியத்தையும் கொண்டு வரச் சொன்னார்.

அந்தக் காட்சியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். வைத்தியக் கதிரையை நிமிர்த்தி, கழுத்தில் கடதாசித் துண்டு கட்டி, நடுவில் எங்கள் அண்ணை சாக்ஸபோனோடு. ஊதினார். பல் டக்கென்று இறங்கியது. டொக்டர் அம்மா அதைக் கழற்றி, நீலத்தாள் வைத்து எங்கே அழுத்துகிறது என்று பார்த்து, ஒரு தூசு அளவு அராவிக் கொடுத்தார். மறுபடி ஊதினார். மறுபடி அராவினார். கடைசியில் மோகனத்தில் நாலு சுரம் சேர்ந்து வந்தது. கன்னம் வீங்கிய ஒரு வயதான அம்மா கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். சத்தம் கூடிவிட்டதோ என்று நான் மன்னிப்புக் கேட்டேன். "எனக்குப் பிடுங்கும்போதும் இவரை நிற்கச் சொல்லுங்கள்" என்றார் அவர். அதை நான் தமிழில் சொன்னபோது அண்ணை முதல் தடவையாகக் கையால் மறைக்காமல் சிரித்தார்.

அந்தக் கோடையில் தேருக்கு முன்னால் வந்து நின்றார். குறைத்தோ கூட்டியோ எனக்குச் சொல்ல வராது: பழைய நாதம் அது அல்ல. பல்லுக்கும் உதட்டுக்கும் இடையால் காற்றுக் கசிந்து, ஒவ்வொரு பிடிக்கும் முன்னால் 'ஸ்' என்று ஒரு மூச்சு வந்தது. "அண்ணைக்கு வயசு போட்டுது" என்று பின்னால் சிலர் கதைத்தது அவருக்கும் கேட்டிருக்கும். பிரசாதம் கொடுக்கும்போது நான் ஏதோ சமாதானம் சொல்லப் போனேன்.

"ஓம் தங்கச்சி, காத்துப் போகுதுதான். போகட்டும். முந்தி அம்பாளிட்டை நாதம் மட்டும் போச்சுது. இப்ப மூச்சும் சேர்ந்து போகுது" என்றார். பிறகு வடையைக் கடித்துக் காட்டினார்.

அதன்பின் போன கோடை வரைக்கும் அந்த மூச்சோடுதான் வாசித்தார்.

சென்ற வாரம் அபிராமி ஒரு ஒலிப்பதிவு அனுப்பினாள். இந்த நினைவு மலர் உங்கள் கைக்கு வரும் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியில் மண்டபத்தில் போடுவதற்கு. "இரைச்சலை எல்லாம் எடுத்தாச்சு அன்ரி, வடிவாக் கேக்குது என்ன?" என்றாள். சமையலறையில் நின்று கேட்டேன். துப்புரவாக இருந்தது. மோகனம் இருந்தது. தேர் வடக்கயிறு இழுப்பவர்களின் அரோகராவும் இருந்தது. அண்ணையைத்தான் காணவில்லை.

"பிள்ளை, எடுக்காதது இருக்கோ?"

"இருக்கு. ஆனால் அதிலை அப்பாவின்ரை காத்துச் சத்தம் வருமே."

"அதுதான் எனக்கு வேணும்."

அங்கேயே அந்தப் பதிவைத் தேடி எனக்கு அனுப்பிவிட்டாள். பிறகு, "எனக்கும்தான் அன்ரி" என்றாள்.

அடுப்பில் குக்கர் கூவுவதற்கு முன்னால் மெல்லச் சீறும். இப்போதெல்லாம் அந்த நேரத்தில் என் கை வேலையை விட்டுவிடுகிறது. அடுத்ததாக மோகனம் வரும் என்று காது காத்து நிற்கிறது. விசில்தான் வருகிறது.

ஆகையால் அண்ணையை அறிந்த உங்களிடம் ஒன்று கேட்கிறேன். அன்றைக்கு மண்டபத்தில் ஒவ்வொரு பிடிக்கும் முன்னால் 'ஸ்' என்று ஒரு சத்தம் வரும். ஒலிபெருக்கி பழுது என்று எழுந்து வயரைப் பார்க்கப் போகாதீர்கள். இருந்து கேளுங்கள். நாதத்தை அவர் அம்பாளுக்குக் கொடுத்துவிட்டார். எனக்கென்று நான் வைத்திருப்பது அந்த மூச்சைத்தான்.