ரிக்காரர் முகம்

எங்கள் ஃபேர்லேண்ட்ஸ் வீட்டில் போர்வெல் போடத் துளையிடும் ரிக் வண்டியோடு வந்த திருச்செங்கோட்டு ரிக்காரர், லிவரில் கைவைத்தே அடியில் பாறை மாறுவதைச் சொல்லிவிடுவார். நான் புவியியல் வாத்தியார் என்றதும் கேட்டார்.

"வேளாங்கண்ணிக்குப் போன எஞ்சம்சாரமும் புள்ளையும் சுனாமியில போயிட்டாங்க. கடலுக்கடியில பாறை கரடுமுரடா இருந்ததாலயாங்க?"

"ஒரு பாறைத்தட்டு இன்னொண்ணுக்கடியில போகுதுங்க. போற தட்டு கரடுமுரடா இருந்தா, பெரும்பாலும் அப்பப்பச் சின்னச்சின்னதா நழுவிடும். சமமா இருந்தாத்தான் நெடுந்தூரம் ஒட்டிக்கிட்டுக் கெடந்து, ஒரே நாள்ல மொத்தமா நழுவிச் சுனாமிய எழுப்பும்."

"அப்படீங்களா," என்றார். லிவரிலிருந்த கை அசையவில்லை. "நான் இன்னை வரைக்கும் அழுவலீங்க."

சற்று நேரத்தில் தண்ணீர் பீறிட்டது. எல்லோரும் கத்தினோம். அவர் முகத்தில் மட்டும் ஒரு மேடுபள்ளமும் இல்லை.

குழாயைத் திறக்கும்போதெல்லாம் அந்த முகத்தை நினைத்துப் பயப்படுகிறேன்.