மூன்று மாத மிளகாய்

ரப்பர் கன்று வளர்க்கிறவனுக்குப் பொறுமை வேண்டும் என்பார்கள். ஜப்பான்காரன் வந்து அந்த வேலையும் நின்றபின் என்னிடம் மிஞ்சியது அது ஒன்றுதான். மலாயாவில் பகாவ் பக்கத்து ரப்பர் தோட்டம். வெள்ளைக்காரத் துரை ஓடிவிட்டார். அரிசி கண்ணில் படவில்லை, மூன்று வேளையும் மரவள்ளிக்கிழங்கு. சும்மா இருக்க முடியாமல் பழைய டின்களில் முளைக்கீரை, வெங்காயம், குட்டை மிளகாய் மூன்றையும் சேர்த்து நட்டு, வேண்டியவர்களுக்குக் கொடுக்க ஆரம்பித்தேன். செடி கொடுத்துவிட்டு, வாங்கினவர் முகத்தில் விழிக்கக் கூசியவர்கள் உங்களிலும் இருப்பார்கள். அவர்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன்.

முதல் டின்

முதல் டின் மாரிமுத்துவுக்கு. ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவன், என் கூட்டாளி. நான்கே நாளில் கீரை கருகிவிட்டது. வெயில் என்றேன், எறும்பு என்றேன். அவன் டின்னைக் கவிழ்த்து முகர்ந்து பார்த்தான். ரப்பர் பாலை உறைய வைக்கப் பால் ஸ்டோரில் ஆசிட் கலக்கிய டின் அது. வருஷக்கணக்காக அந்த ஸ்டோருக்குள் போய் வந்த எனக்குத் தெரியாமல் போனது வெட்கக்கேடு.

சாம்பல் போட்டு மூன்று தரம் தேய்த்துக் கழுவி, அடியில் ஆணியால் ஓட்டை போட்டு மறுபடி நட்டேன். மாரிமுத்து பக்கத்தில் குந்திக்கொண்டு சொன்னான்: "பால உறைய வைக்கிற டின்னுல கீரைய உறைய வச்ச ஆளு நீ ஒருத்தன்தான்லா."

மண்டோருக்கு ஒன்று

சயாமில் ரயில் பாதை போட ஜப்பான்காரர்கள் ஆள் எடுத்தார்கள். யார் போவது என்று பேர் எழுதிக் கொடுப்பவர் எங்களை வேலை வாங்கும் மண்டோர். நான் ஒரு காலை விந்தி நடப்பவன், அதனால் என்னைக் கேட்கவில்லை. நான் தப்பித்தேன் என்று சந்தோஷப்பட்டதை மறைக்கப் போவதில்லை. ஆனால் மாரிமுத்துவுக்கு இரண்டு காலும் நன்றாக இருந்தன.

இருந்ததிலேயே செழிப்பான டின்னை மண்டோர் வீட்டு வாசலில் கொண்டுபோய் வைத்தேன். மாரிமுத்துவை விட்டுவிடச் சொல்லிக் கெஞ்சினேன். பார்க்கலாம் என்றார். இரண்டு வாரம் கழித்து வழியில் நிறுத்தி, என் தோளில் கைபோட்டுக்கொண்டு சொன்னார்: "கீரை நல்லா இருந்துச்சுப்பா. அவன் பேரு முந்தியே போயிருச்சு. மூணு மாசம்தான், வந்துருவான்."

கையில் வாங்கவில்லை

அவன் லாரி ஏறிய மறுநாள், கழுவி நட்ட அந்தப் பழைய டின்னை அவன் மனைவி காத்தாயியிடம் எடுத்துப் போனேன். கீரையும் வெங்காயமும் வளர்ந்திருந்தன. மிளகாய் மட்டும் சிறு கன்று. நீட்டினேன். அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். மிளகாயைக் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும் என்று லயத்து வரிசை வீடுகளில் எல்லோருக்கும் தெரியும், நான்தான் மறந்துபோனேன்.

அழுத முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஏதாவது சொல்லியாக வேண்டுமே என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன்: கீரையை இப்போதே கிள்ளலாம், வெங்காயத்தாள் அடுத்த மாதம், மிளகாய் பழுக்க மூன்று மாதம், அது பழுக்கும்போது மாரிமுத்து வந்துவிடுவான். அவள் முகம் தெளிந்தது. "அப்படின்னா கீழ வைங்கண்ணே. அவரு வந்து பறிக்கட்டும்" என்றாள்.

கையில் கொடுத்தாள்

கீரை தீர்ந்தது. வெங்காயம் தீர்ந்தது. மிளகாய் பழுத்தது. அவள் ஒன்றைக்கூடப் பறிக்கவில்லை. வெறும் உப்பைத் தொட்டுக்கொண்டு கிழங்கு தின்றாள். அந்த வாசலைத் தாண்ட வேண்டாம் என்று நான் சுற்றுவழியில் போக ஆரம்பித்தேன். மூன்று மாதம் ஆறு மாதமானது. சயாமிலிருந்து திரும்பி வந்த ஒருவர், மாரிமுத்து அங்கே பேதியில் போய்விட்டதாகச் சொன்னார்.

மறுநாள் காத்தாயி டின்னோடு என் வீட்டுக்கு வந்தாள். செடியில் பழம் காய்ந்து சுருங்கித் தொங்கியது. கீழே உதிர்ந்த விதை முளைத்து இரண்டு இலை விட்டிருந்தது. கீழே வை அம்மா என்றேன். அவள் வைக்கவில்லை, என் இரண்டு கையையும் இழுத்து அதில் டின்னை வைத்து அழுத்தினாள். "கையிலயே வாங்கிக்குங்கண்ணே. சண்டை வரட்டும்."

இப்போதும் செடி கொடுக்கிறேன், கீழேதான் வைக்கிறேன், எப்போது பழுக்கும் என்று யார் கேட்டாலும் தெரியாது என்கிறேன்.